கண்மூடிச் சொன்ன சொல்

அத்தியாயம் பன்னிரண்டு

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

பாளையங்கோட்டையில் குடும்ப ஜெபம் நடக்கிற எந்த வீட்டிலும் இது கொஞ்சம் உண்டுதான். ஆனால் அருமைநாயகம் வாத்தியார் வீட்டில் அது ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் மருமகள் சாலோமி ஒருநாள், "ஆண்டவரே, சீனி டப்பாவை ஒளித்து வைக்கிற இருதயங்களை மாற்றியருளும்" என்று உருகி ஜெபித்தாள். மறுநாள் டப்பா பழைய இடத்துக்கே வந்துவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆமென் சொன்ன பிறகு, ஜெபத்தில் காதில் விழுந்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

எழுதின சட்டத்தோடு மட்டுமே பிழைப்பு நடத்துகிற ரீபாவை இந்த எழுதாத சட்டம்தான் காலை வாரிவிட்டது.

ரீபா அந்த வீட்டின் கடைசிப் பெண். டெல்லியில் நிதி அமைச்சகத்தில் மூத்த சட்ட அதிகாரி. வங்கி, காப்பீடு, சீட்டு, நிதி என்று பணத்தை வைத்துப் பணம் பண்ணுகிற எந்த நிறுவனமானாலும், அதன்மேல் வரி எப்படி விழவேண்டும் என்று சட்ட வாசகம் எழுதுகிற பிரிவுக்கு அவள்தான் தலைமை. பட்ஜெட் நெருங்கிவிட்டது. இன்னும் சில நாளில் அவளும் அவள் ஆட்களும் வாசகங்களோடு ஒரு கட்டடத்துக்குள் அடைபட்டுவிடுவார்கள். வீட்டுக்குப் போன்கூடப் பேச முடியாது. அதற்கு முன்னால் அப்பாவின் நினைவு நாளுக்கென்று கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்த முதல் நாளே அண்ணன் ஜாஸ்பர் கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அப்பா ஆரம்பித்த ஆசிரியர் சகாய நிதிக்கு இப்போது செயலாளர். "நிதிகளுக்கு வரி போடப் போறாவன்னு பேசிக்கிடுதாங்களே, உள்ளதா?" என்று கேட்டார். ரீபா, "அண்ணே, வேற எது வேணும்னாலும் கேளுங்க" என்று எழுந்து போய்விட்டாள். சென்ற வாரம் நாம் பார்த்தது அதுவரைக்கும்.

நேற்றுச் சாயங்காலம்தான் நினைவு நாள் ஜெபம். வழக்கமாக வீட்டுக்கு மூத்தவர் பண்ணவேண்டியது. ஜாஸ்பர் தொண்டையைத் தடவிக்கொண்டு, "தொண்டை கட்டிக்கிட்டு ரீபா. இன்னைக்கு நீ பண்ணு" என்றார்.

ரீபா முழங்காலில் நின்றாள். அப்பாவின் நாற்காலி கண்முன்னே இருந்தது. ஜெபத் தமிழுக்கு ஓர் இழுப்பு உண்டு. அதில் இறங்கிவிட்டால் வாய் தன்பாட்டுக்குப் போகும். அப்பாவுக்காக நன்றி சொன்னாள், அண்ணனுக்காக வேண்டினாள், அப்படியே நிதிக்கும் வந்துவிட்டாள். "உள்ளே இருக்கிறவர்களையும் வெளியிலிருந்து வந்தவர்களையும் பிரிக்கிற நாள் சமீபமாயிருக்கையில், என் அண்ணனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்றாள். ஆமென் சொல்லி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

என்ன சொன்னோம் என்பது இந்த நிமிஷம்வரை அவளுக்கு உறைக்கவில்லை.

---

காலையில் எழுந்து அடுப்பங்கரைக்கு வந்தபோது சாலோமி தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எங்க மதினி?"

"அவிய விடியவும் கெளம்பிட்டாவ. டவுணுக்கு."

"டவுணுக்கா? என்னத்துக்கு?"

"சிவசண்முகம் அண்ணாச்சியப் பாக்க." சாலோமி திருகுவதை நிறுத்தாமலேயே சொன்னாள். "ராத்திரி பூரா தூங்கல. பொரண்டு பொரண்டு படுத்தாவ. 'சமீபம்னுட்டாளே, சமீபம்னுட்டாளே'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாவ."

"என்ன சமீபம்?"

சாலோமி கை நின்றது. ஆமென் சொன்ன பிறகு பேசக்கூடாது. முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தை மீறாதவள் அவள். ஆனால் நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"நீ ஜெபத்துல சொன்னல்லா ரீபா? பிரிக்கிற நாள் சமீபம்னு."

ரீபா அப்படியே மாவு வாளிமேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சகாய நிதி என்பது வாத்தியார்கள் தங்களுக்குள்ளேயே போட்டு, அவர்களில் ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவிக்கு மாதாமாதம் கொடுக்கிற ஏற்பாடு. தன் பையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டால் அதில் லாபம் ஏது? லாபம் இல்லாவிட்டால் வரியும் இல்லை. ஆனால் வெளியாள் கை அந்தப் பைக்குள் நுழைந்தால் அது வியாபாரம். ஜாஸ்பர் செயலாளரான பிறகு விதவைகளுக்குக் கொடுக்கிற தொகையைக் கூட்டவேண்டும் என்று ஆசைப்பட்டு, வாத்தியார் அல்லாத வியாபாரிகளிடமும் வைப்பு வாங்கினார். அவர்களுக்கு 'நேச உறுப்பினர்' என்று அழகாக ஒரு பேரும் வைத்தார்.

ரீபா எழுதியிருக்கிற புதிய வாசகம் சரியாக அந்த நேச உறுப்பினர்களின் தலையில்தான் விழப்போகிறது. வெளியாளிடம் எவ்வகையிலேனும் வைப்பு வாங்கினால், மொத்த நிதிக்கும் வரி. அண்ணனை நினைத்து அவள் அதை எழுதவில்லை. நாடு முழுக்க இந்த மாதிரிப் பெயரளவு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற நிதிகள் இருக்கின்றன. எழுதி முடித்த அன்றைக்குத்தான் அண்ணன் நினைவு வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

அந்த வாசகம் பட்ஜெட் அன்று வெளிவருகிறவரைக்கும் நேரடியாகவோ, மறைமுகமாகவோ, எவ்வகையிலேனும் எவரிடமும் வெளியிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 'எவ்வகையிலேனும்' அவளுக்குப் பிடித்த சொல். எந்தப் பொந்தையும் அது அடைத்துவிடும். கீழே வேலை பார்க்கிற சின்ன வக்கீல்கள் அவளுக்கு அதையே பட்டப்பேராக வைத்திருக்கிறார்கள்.

"டார்லின்!" என்று கத்தினாள் ரீபா. "வண்டிய எடுட்டி. டவுணுக்குப் போகணும்."

---

அண்ணன் மகள் டார்லின் ஸ்கூட்டரை ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தில் நல்ல நெரிசல். கீழே தாமிரபரணியில் மார்கழி மழைத் தண்ணீர் இன்னும் வற்றாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை, என்ன நடந்துச்சு? அம்மா அழுதுக்கிட்டே வழியனுப்புதா."

"ஒண்ணுமில்ல. ஒங்க அப்பா ஒரு காரியத்துல அவசரப்பட்டுட்டாவ."

"அப்பாவா? ஒரு சட்டை எடுக்கவே மூணு கடை ஏறி எறங்குவாவ. அவியளா அவசரப்பட்டாவ?"

ரீபா கடிகாரத்தைப் பார்த்தாள். சின்னப் பெண் சொன்னது அப்புறம்தான் அவளுக்குத் தைக்கப்போகிறது.

சிவசண்முகத்தின் பாத்திரக்கடை ரத வீதியில் இருந்தது. வாசலில் செம்பும் பித்தளையும் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அண்ணாச்சிக்குப் பாத்திரம் வெளிமுகம்தான். உள்ளே வேறு தொழில். வள்ளியூர் தொடங்கிச் சாத்தான்குளம் வரைக்கும் எந்த ஊரில் எந்த நிதி நல்ல வட்டி கொடுக்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில் இருந்தது. சகாய நிதியில் பெரிய நேச உறுப்பினர் அவர்தான்.

"வாங்க, வாங்க! அருமைநாயகம் சார் மகள்லா!" என்று எழுந்தே விட்டார். "ஒக்காருங்க தாயி. ஏலே, ரெண்டு காப்பி சொல்லு."

"காப்பி வேண்டாம் அண்ணாச்சி. அண்ணன் இங்கன வந்தாவளா?"

"வந்தாரே! வந்தாரு, சத்தம் போட்டாரு, போயிட்டாரு. அவரு சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டிருக்கும்."

"என்ன சொன்னாவ?"

"'அண்ணாச்சி, ஒங்க பணத்த ஒடனே எடுத்துக்கிடுங்க, நேச உறுப்பினர் அம்புட்டு பேருக்கும் கணக்க முடிச்சிரப் போறோம்'னாரு. ஏன் சார்னு கேட்டேன். 'கேக்காதிய, எடுத்துக்கிடுங்க'ன்னு ஒரே சத்தம். வாயத் தொறந்து காரணம் சொல்லணுமே, ம்ஹூம்." சிவசண்முகம் சிரித்தார். "நான் என்ன பச்சப்புள்ளையா தாயி? டெல்லியில வரி ஆபீஸ்ல இருக்க தங்கச்சி ஊருக்கு வருது. மறுநாளே அண்ணன் வந்து கணக்க முடிங்கிறாரு. நான் என்னன்னு எடுத்துக்க?"

"நீங்க எதையும் எடுத்துக்கிட வேண்டாம் அண்ணாச்சி. நான் யாருக்கும் எதுவும் சொல்லல."

"செரிதான். சொல்லியிருக்க மாட்டிய. அருமைநாயகம் சார் வளப்பு அப்படி." குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள ஒரே ஒரு கேள்வி. இந்தப் பட்ஜெட்டுலயா, அடுத்த பட்ஜெட்டுலயா?"

ரீபா வாயை மூடிக்கொண்டாள். ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. தெரியாது என்றால் பொய். எத்தனையோ வழக்கில் எதிர்த்தரப்பு ஆட்களை அவள் இப்படி மூலையில் தள்ளியிருக்கிறாள். தள்ளப்படுகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணாச்சி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைய தலையை ஆட்டினார்.

"போதும் தாயி. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்லாததே போதும்."

"அண்ணாச்சி, இதை நீங்க வேற யார்ட்டயாவது..."

"நம்ம ஆளுவ நாலு பேருக்குப் போன் போட்டுட்டேன். வள்ளியூர்லயும் சாத்தான்குளத்துலயும் இதே மாதிரி நிதி கெடக்குல்லா? அங்கன போட்டவன் தெருவுல நிக்கக் கூடாதுல்லா?"

ஏதோ புண்ணியக் காரியம் செய்த மாதிரி சொன்னார். அவர் அளவில் அது புண்ணியம்தான். நேற்று நான்கு பேர் முழங்காலில் நின்ற ஓர் அறையில் சொன்ன சொல், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று ஊர் போய்விட்டது.

எழுந்தாள். சிவசண்முகம் அதற்குள் கடைப்பையனிடம் கையைக் காட்டினார். பளபளவென்று ஒரு பெரிய இட்லிக் கொப்பரை மேசைக்கு வந்தது.

"நீங்க வேதக்காரங்க, குத்துவிளக்குக் குடுக்க முடியாது. இத எடுத்துக்கிடுங்க. மொதமொதல்ல கடைக்கு வந்திருக்கிய."

"வேண்டாம் அண்ணாச்சி."

"இது ஒரு மருவாதிக்கு. பிரியமா தாரது தாயி."

"பிரியமா இருந்தாலும் வேண்டாம்." அந்தக் கொப்பரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தகவல் இந்தப் பக்கத்திலிருந்து, பொருள் அந்தப் பக்கத்திலிருந்து. இந்த மாதிரி ஒரு கோப்பு மேசைக்கு வந்தால், நம்பிக்கைத் துரோகம் என்று எழுத அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

விறுவிறுவென்று படியிறங்கினாள். வெளியே டார்லின் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒங்களுக்கு வேர்க்குது."

"நிதி ஆபீசுக்குப் போ."

---

சகாய நிதி அலுவலகம் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு சந்தில். ஒரே அறை, இரண்டு மேசை. ரீபா நுழைந்தபோது ஜாஸ்பருக்கு எதிரே எப்சி டீச்சர் உட்கார்ந்திருந்தார். ரீபாவுக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர். கணவர் வகுப்பிலேயே மாரடைப்பில் விழுந்து இறந்தவர். நிதி மாதாமாதம் கொடுக்கிறதில்தான் அவருக்கு மருந்தும் வாடகையும்.

"தம்பி, பஸ்ஸுல வாரப்போ ஒரு பேச்சு கேட்டேன். நிதிய மூடப் போறாவளாம்லா?"

"யாரு டீச்சர் சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் ஜாஸ்பர்.

எப்சி டீச்சர் திரும்பி ரீபாவைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரீபாளா! ஏட்டி, நீ டெல்லியில இருக்கப்போ நாங்க எதுக்குப் பயப்படணும்? நீ பாத்துக்கிட மாட்டியா என்ன?"

அவள் கன்னத்தைத் தடவி, நெற்றியில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு பைய வெளியேறினார். ரீபா அவர் சந்து திரும்புகிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"ஏன் அண்ணே இப்படிச் செஞ்சிய?"

ஜாஸ்பர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "நான் என்ன செஞ்சேன்? வெளியாளுவள வெளிய அனுப்புதேன். பொம்பளையளுக்குச் சேர வேண்டியது பத்திரமா இருக்கணும். அவ்வளவுதான்."

"நான் சொன்னத வச்சுத்தான செய்யுதிய?"

"நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் கேட்டதுக்கு எழும்பிப் போயிட்ட. நீ ஆண்டவர்ட்ட சொன்ன. நான் பக்கத்துல இருந்தேன்."

ரீபாவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குள்ளே இருக்கிற வக்கீல் அந்த வாதத்தை எடைபோட்டுக்கூடப் பார்த்தாள். சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது? தேவனை நோக்கி. தேவனிடம் சொல்வது வெளியிடுதல் ஆகுமா? அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'எவ்வகையிலேனும்' இருக்கிறது. அவளே எத்தனையோ பேர் வாயை அடைத்த சொல். அதற்குள் ஜெபமும் அடக்கம்தான்.

"சிவசண்முகம் அண்ணாச்சி வள்ளியூருக்கும் சாத்தான்குளத்துக்கும் போன் போட்டுட்டாரு அண்ணே. தெரியுமா?"

ஜாஸ்பரின் கை நின்றது. "போன் போட்டாரா? நான் ஒன் பேர எடுக்கவே இல்லையே!"

"எடுக்க வேண்டாம். அவருக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள மெட்ராசுக்குத் தெரியும். எவன் எவனோ எங்கெங்கயோ இருந்து பணத்த உருவுவான். பட்ஜெட்ல வாசகம் வெளிய வந்ததும் கேப்பாவ: தின்னவேலிக்காரனுக்கு மட்டும் எப்படி முன்னாலயே தெரிஞ்சிச்சின்னு. விசாரிச்சிக்கிட்டு நம்ம வீட்டுக்குத்தான் வருவாவ."

"ஒன் வேலை..."

"போகட்டும். வேலைய விடுங்க. நான் எழுதுன வாசகத்த நம்பி ஒரு ராஜ்ஜியமே வரி போடுது. அத நானே ஒழுக விட்டுட்டேன். இன்னமே நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அந்த மேசையில உக்காருவேன்?" போனைக் கையில் எடுத்தாள். "டெல்லிக்குச் சொல்லப் போறேன். எனக்கு மேல உள்ளவருக்கு."

"சொல்லாத ரீபா. யாரும் கேக்கல. நீயா எதுக்குப் போய்த் தலைய குடுக்குத?"

"கேக்குறதுக்கு முன்னால சொன்னாத்தான் அந்த வாசகத்தயாவது மாத்தவோ நிறுத்தவோ முடியும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க பயப்படாதிய. 'வீட்டுல வாய் தவறிட்டு. கேட்டவங்க வேணும்னு கேக்கல. என்னன்னும் சரியாத் தெரியாது'ன்னு சொல்லிருவேன். அது உள்ளதுதான். ஒங்கள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாவ."

ஜாஸ்பர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சமயம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சாத்தான்குளத்திலிருந்து ஒரு நேச உறுப்பினர், அவரும் பணத்தைக் கேட்கிறார்.

ரீபா வெளியே வந்து சந்து மூலையில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு டெல்லிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். அவசரமாகப் பேசவேண்டும். ரகசியக் காப்பு பற்றியது. தவறு என்னுடையது.

பதில் உடனே வந்தது. கூட்டத்தில் இருக்கிறேன், முடிந்ததும் அழைக்கிறேன்.

அனுப்பின பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. பல்லைப் பிடுங்கக் கொடுத்துவிட்டு நாற்காலியில் காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

---

வாகைக்குளத்தில் சாயங்கால விமானம். டாக்ஸி வந்து வாசலில் நின்றுவிட்டது. சாலோமி முறுக்கும் மஸ்கோத்து அல்வாவும் கட்டிப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டே அழுதாள். மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜாஸ்பர் வந்ததிலிருந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டிலிருந்து யாரும் பயண ஜெபம் பண்ணாமல் படி தாண்டியது இல்லை. சாலோமி பாயை விரித்தாள்.

"ஜெபம் பண்ணு ரீபா," என்றாள் வழக்கமாக.

"நான் மாட்டேன் மதினி," என்றாள் ரீபா. வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னாள். "இன்னமே இந்த வீட்டுல நான் சத்தமா ஜெபம் பண்ண மாட்டேன்."

டார்லின் அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்தாள்.

"நான் பண்ணுதேன்," என்றார் ஜாஸ்பர்.

முழங்காலில் நின்றார்கள். ஜாஸ்பருக்கு நல்ல கணீர்க் குரல். பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசின குரல். பயணத்துக்காக வேண்டினார், பிள்ளைகளுக்காக வேண்டினார். பிறகு நிறுத்தினார். அப்புறம் ஜெபத் தமிழ் போய் வீட்டுத் தமிழ் வந்தது.

"ஆண்டவரே, நேத்து எனக்குத் தொண்டை கட்டல."

ரீபா கண்ணை மூடியிருந்தாள். இமை துடித்தது.

"தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு. நேர கேட்டேன், அவ சொல்லல. இவ கண்ணத் தொறந்துக்கிட்டிருந்தா வாயே தொறக்க மாட்டா. கண்ண மூடுனா மறைக்கத் தெரியாது. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இவள ஜெபம் பண்ணச் சொன்னேன். எங்கப்பா நினைவு நாள்ல, எங்கப்பா நாற்காலிக்கு முன்னால, இவளுக்குக் கண்ணி வச்சேன். விதவைங்களுக்காகத்தான்னு என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். என்ன மன்னியும்."

சாலோமி விம்மியது கேட்டது.

நாள் முழுக்க வந்து வந்து போனதெல்லாம் ரீபாவுக்கு இப்போது ஒன்றாகச் சேர்ந்தது. ஒரு சட்டை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன். தெருமுக்கு வரை கேட்ட சத்தம். ஆபீசில் எடுத்த வாயை மூடிக்கொண்டது. நேற்றைக்குத் தொண்டை கட்டினவருக்கு இன்றைக்குக் காலையில் ஏது அவ்வளவு சத்தம்?

கோபம் வரவேண்டும். முதலில் வந்தது கோபமில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி பூரா நெற்றியில் ஈரத்துணி போட்ட கை, அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. ஏன் அண்ணே இதை இப்போது சொன்னீர்கள்? சாயங்காலம் போன் வரும்வரைக்குமாவது என்னைத் தெரியாதவளாக விட்டிருக்கக் கூடாதா? கேட்டவர் வேண்டுமென்று கேட்கவில்லை என்று சொல்லவிருந்தேனே. தெரியாதிருந்தவரைக்கும் அது உண்மை. இனி அதைச் சொன்னால் பொய்.

கண்ணைத் திறந்தாள்.

ஜெபத்தின் நடுவில் அந்த வீட்டில் யாரும் கண்ணைத் திறப்பதில்லை. ஜாஸ்பரும் திறந்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்து நரைமயிரில் கண்ணீர் வழிந்து நின்றது.

அப்போது பாயின் ஓரத்தில் இருந்த ரீபாவின் போன் அதிர ஆரம்பித்தது. டெல்லி.

டார்லின் மட்டும் கையை நீட்டி அதை எடுத்து அத்தையிடம் கொடுத்தாள். ரீபா முழங்காலில் நின்றபடியே காதில் வைத்தாள்.

மேலதிகாரி சுற்றி வளைக்கவில்லை. சென்னையிலிருந்து ஏற்கெனவே ஒரு பேச்சு வந்திருப்பதாகச் சொன்னார். திருநெல்வேலி என்றும் சொல்கிறார்களாம். பிறகு இரண்டே கேள்வி கேட்டார். "யார் கேட்டது? தற்செயலாகக் காதில் விழுந்ததா, திட்டமிட்டுக் கேட்டு வாங்கியதா?"

கேள்வி அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் இருந்தது. சாலோமி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாஸ்பர் தங்கையைப் பார்த்துத் தலையை அசைத்தார். சொல்லு என்கிறாரா, சொல்லாதே என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"சொல்லுகிறேன் சார்," என்றாள் ரீபா. "எழுதிக்கொள்ளுங்கள். முதலில் என் பெயர்."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அடுத்த பெயருக்காக அவர் காத்திருந்தார்.

ஜாஸ்பர் கூப்பின கையைப் பிரிக்கவில்லை. அந்த அறையில் இன்னும் யாரும் ஆமென் சொல்லியிருக்கவில்லை.